உணர்ச்சியைக் கையாளும் பயிற்சி அரசு மருத்துவமனைகளிலும் தமிழில் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்வு முடிவுகள் வந்த வாரத்தில் உங்கள் நாளிதழில் வந்த மாணவர் தற்கொலைச் செய்திகளையும், அவற்றையொட்டி வந்த கட்டுரையையும் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கட்டுரை அக்கறையோடுதான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதில் இருந்த அறிவுரைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் பிள்ளைகள் உணர்ச்சிவசப்படக் கூடாது, மனதைக் கட்டுப்படுத்தப் பழக வேண்டும் என்ற ஒரே வரிதான் மிஞ்சுகிறது. எப்படிப் பழகுவது என்று எங்குமே இல்லை. நான் பள்ளிக்கூடப் பருவத்திலிருந்து அந்த வரியைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். வீட்டில் சொன்னார்கள், ஆசிரியர்கள் சொன்னார்கள், முதன்முதலில் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். சொன்னவர்கள் யாருக்கும் என் மேல் வெறுப்பு கிடையாது, நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் நெஞ்சு படபடத்து, காது அடைத்து, இன்னும் பத்து நிமிடம்கூட இந்த உடம்புக்குள் இருக்க முடியாது என்று தோன்றுகிற ஒருத்திக்கு அந்த வரியால் எந்த உபயோகமும் இல்லை.

எனக்கு பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர், அதாவது உணர்ச்சிகள் மிகக் கடுமையாக எழுந்து கட்டுக்குள் வராமல் போகிற ஒரு மனநலப் பிரச்சினை, இருப்பதாக இருபதுகளில் கண்டறிந்தார்கள். அதற்காக டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி என்ற சிகிச்சையை, சுருக்கமாக டி.பி.டி. என்பார்கள், முழுதாக முடித்தேன். இன்று வேலைக்குப் போகிறேன், வீட்டோடு இருக்கிறேன், கோபமும் அழுகையும் இப்போதும் எல்லோரையும் விடக் கொஞ்சம் பெரிதாகத்தான் வருகின்றன, ஆனால் வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். உணர்ச்சியைக் கையாள்வது கற்றுக்கொடுக்கக்கூடிய ஒன்று. அதற்குப் பாடத்திட்டம் இருக்கிறது, வீட்டுப்பாடம்கூட இருக்கிறது, அது பலன் தருகிறதா என்று ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் அது காசு உள்ளவர்களுக்கும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் மட்டும் கிடைக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

இந்த முறையை உருவாக்கியவர் மார்ஷா லினஹன், அமெரிக்காவில் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். 1961இல், 17 வயதில், அவரையே கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டே இருந்ததால் தனி அறையில் பூட்டி வைத்தார்கள், மனச்சிதைவு என்று எழுதி அதற்கான மருந்துகளைக் கொடுத்தார்கள், மின் அதிர்ச்சி சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் சரிப்படவில்லை. வெளியே வந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து, உளவியலில் முனைவர் பட்டம் வாங்கி, எந்த நோயாளிகளை மற்ற மருத்துவர்கள் தொல்லை என்று ஒதுக்கினார்களோ அவர்களையே தேடி எடுத்துக்கொண்டார். தன் சொந்தக் கதையை 2011 வரை பொதுவில் சொல்லவில்லை. அந்த வருடம், இளவயதில் தான் கிடந்த அதே மருத்துவமனைக்குப் போய், மேடையில் நின்று சொன்னார். அப்போது அவருக்கு 68 வயது.

அவர் இந்த முறைக்கு வந்து சேர்ந்த பாதையைக் கட்டுரையாளர் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் அவர் நடத்தையை மாற்றும் பயிற்சிகளை மட்டும் கொடுத்துப் பார்த்தார். வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். நான் படுகிற பாடு உங்களுக்குப் புரியவில்லை, எல்லாத் தப்பும் என்னிடம்தான் என்கிறீர்கள் என்று எழுந்து போனார்கள். சரி, அப்படியே ஏற்றுக்கொண்டு ஆறுதலாகக் கேட்போம் என்று மாற்றினால் அதற்கும் கோபம் வந்தது, அப்படியானால் நான் இப்படியே கிடக்க வேண்டியதுதானா என்று. அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் பிடித்தார். இப்போது இருக்கிற நிலையில் நீ உன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருக்கிறாய், அதே சமயம் நீ மாறியே ஆக வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தே உண்மை என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. ஏற்றுக்கொள்வது எப்படி என்பதைக் கற்றுக்கொள்ள அவர் ஜென் தியானம் பழகப் போனார், அங்கிருந்து எடுத்து வந்த மனக்கவனப் பயிற்சியைச் சிகிச்சையின் முதல் பாடமாக வைத்தார். முதல் ஆய்வு முடிவுகள் 1991இல் வெளிவந்தன.

அடுத்து, சிலருக்கு மட்டும் ஏன் இப்படி. லினஹன் சொல்வது இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பது. ஒன்று பிறவியிலேயே வருவது: சின்ன விஷயம்கூட உடனே தைக்கும், தைத்தால் ரொம்ப ஆழமாகத் தைக்கும், தைத்தது ஆற ரொம்ப நேரம் ஆகும். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் மறந்துவிடுகிற பேச்சு எனக்கு மறுநாள் சாயங்காலம் வரை உடம்பில் நிற்கும். உடம்பு முழுக்க தீக்காயம் பட்டவர்களைப் போல, லேசாகத் தொட்டால்கூடத் துடிக்கிறவர்கள் என்று அவர் எழுதியிருக்கிறார், எனக்கு அதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது, அப்படிப் பிறந்த பிள்ளையைச் சுற்றி இருக்கிறவர்கள், வேண்டுமென்றோ தெரியாமலோ, அந்த உணர்ச்சியே பொய் என்று சொல்லிக்கொண்டே இருப்பது. இதுக்கெல்லாமா அழுவாங்க, நடிக்காத, உன் தங்கச்சிக்கு வலிக்கலையே உனக்கு மட்டும் என்ன, பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது. இதைக் கேட்டு வளரும் பிள்ளை தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கக்கூடக் கற்றுக்கொள்வதில்லை. மெதுவாகச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை, உச்சத்துக்குப் போய் எதையாவது செய்துகொண்டால் மட்டும் வீடே ஓடி வருகிறது, அதனால் உச்சத்துக்குப் போவதுதான் பேசும் வழி என்று உடம்பு தெரிந்துகொள்கிறது. இது பிள்ளையின் தந்திரம் இல்லை. பல வருடமாகப் பழகிப் பழகி அப்படி ஆகிவிடுகிறது.

இனி பயிற்சிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரையில் இல்லாமல் போனது இதுதான். பயிற்சி நான்கு பகுதிகளாக இருக்கும். மனதை இப்போது நடப்பதில் நிறுத்துவது, தாங்கவே முடியாத நேரத்தை மேலும் கெடுக்காமல் தாண்டுவது, உணர்ச்சிகளைப் புரிந்துகொண்டு மாற்றுவது, மனிதர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு மறுக்க வேண்டியதை மறுப்பது. வாரம் ஒரு முறை பத்துப் பேர் போல உட்கார்ந்து ஒரு வகுப்பு மாதிரி நடக்கும். மொத்தப் பாடமும் முடிய 24 வாரம் ஆகும், பெரும்பாலும் இரண்டாம் சுற்றும் வைத்து ஒரு வருடமாக்குவார்கள். அது போக வாரம் ஒரு முறை தெரபிஸ்டோடு தனியாக ஒரு மணி நேரம்.

தாங்க முடியாத நேரத்துக்கு என்று சொல்லித்தருகிறவற்றில் குளிர்ந்த தண்ணீர் பயிற்சியை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு நம்பிக்கையே தேவையில்லை, உடம்பு தானாகச் செய்யும். ஒரு அகலப் பாத்திரத்தில் ஜில்லென்று தண்ணீர் வைத்து, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை அதற்குள் அரை நிமிடம் போல வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் தண்ணீரோடு கொஞ்சம் சாதாரணத் தண்ணீர் கலந்தால் போதும், பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போக வேண்டாம். அது முடியாவிட்டால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டை கண்ணுக்கு அடியிலும் கன்னத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கலாம். முங்கும்போது இதயத் துடிப்பு குறைவது எல்லா மனிதர்களுக்கும் உள்ள இயல்பு, பயிற்சி அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. நெஞ்சின் படபடப்பு இறங்கினால் யோசிக்கக் கொஞ்சம் இடம் கிடைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை, பிரச்சினையைத் தீர்ப்பது அல்ல. இதய நோய் உள்ளவர்கள், நாடித் துடிப்பு ஏற்கனவே குறைவாக இருப்பவர்கள், சாப்பிடாமல் உடம்பு மெலிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. அவர்களுக்கு மூச்சுப் பயிற்சி இருக்கிறது: இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு வருகிற அளவுக்கு மெதுவாக. இந்தத் தொந்தரவுகள் இல்லாதவர்கள் மாடிப்படியை நாலைந்து தடவை வேகமாக ஏறி இறங்கவும் செய்யலாம்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. தற்கொலை எண்ணத்தின் உச்சம் பலருக்கும் நாள் கணக்கில் நிற்பதில்லை. ஏறும், உச்சத்தில் நிற்கும், இறங்கும். இறங்கும் வரை அந்த ஆளைத் தாக்குப்பிடிக்க வைத்துவிட்டால் அடுத்ததைப் பேசலாம். நம் கிராமங்களில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் அந்தச் சில நிமிடங்களில் எத்தனையோ உயிர் போயிருக்கிறது. அதைப் பூட்டி வைப்பதும், பிள்ளைக்கு அந்த நிமிடங்களைத் தாண்டக் கற்றுக்கொடுப்பதும் இரண்டுமே வேண்டும்.

இன்னொரு பயிற்சி, உணர்ச்சி எதைச் செய்யச் சொல்கிறதோ அதற்கு நேர் எதிரானதைச் செய்வது. இதைக் கேட்டதும் மனதை அடக்குவது என்று நினைத்துவிடுவார்கள், அப்படி இல்லை. முதலில் நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும், நான் ஊகித்தது எது, கண்ணால் கண்டது எது. தோழி வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுப் பதில் போடவில்லை என்பது கண்டது. அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பது நானாகச் சேர்த்தது. உண்மையிலேயே ஒரு நாய் துரத்தினால் பயம் சரியானது, ஓட வேண்டியதுதான். உணர்ச்சி நிலைமைக்குப் பொருந்தவில்லை, அல்லது அதன்படி நடந்தால் எனக்கே கேடு என்று தெரிந்தால் மட்டும்தான் எதிர்ச் செயல். பயம் ஒளியச் சொல்லும், கொஞ்சம் கொஞ்சமாக அருகே போக வேண்டும். துக்கம் படுக்கச் சொல்லும், எழுந்து குளித்து வெளியே நடக்க வேண்டும். கோபம் பாயச் சொல்லும், போனை வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு விலகி, முடிந்தால் எதிராளியின் பக்கம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். வெட்கம் கதவைச் சாத்தச் சொல்லும். தேர்வில் தோற்ற பிள்ளைக்கு வருவது பெரும்பாலும் துக்கம் இல்லை, வெட்கம்தான், அது அறைக்குள் தனியாகப் பூட்டிக்கொள்ளச் சொல்கிறது, அந்தத் தனிமைதான் ஆபத்து. அன்றைக்குச் செய்ய வேண்டிய எதிர்ச் செயல், கேவலமாகப் பேச மாட்டார் என்று நம்புகிற ஒரே ஒருவரிடம் நேராகப் போய் மார்க்கைச் சொல்வது. வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது, அந்த ஒரே ஒருவராக இருப்பது.

மனிதர்களிடம் பேசுவதற்கும் வரிசை ஒன்று சொல்லித்தருவார்கள். நடந்ததை நடந்தபடி சொல், உனக்கு எப்படி இருந்தது என்று சொல், என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேள், கொடுத்தால் அவர்களுக்கு என்ன நன்மை என்றும் சொல். எங்கள் குழுவில் இதை நடித்துப் பார்த்தபோது நான் எழுதியது இது: "அப்பா, நேற்று மாமா வந்திருந்தப்ப என் சம்பளத்தை அவர்கிட்டச் சொன்னீங்க. எனக்கு ரொம்ப அவமானமா இருந்தது. இனிமே அதைச் சொல்ல வேண்டாம், கேட்டா நானே சொல்லிக்கிறேன். அப்படி இருந்தா யார் வந்தாலும் நான் ஹாலுக்கு வந்து உட்கார்ந்து பேசுவேன்." அதற்கு முன்பெல்லாம் இந்த இடத்தில் நான் சொல்வது, உங்களுக்கு எப்பவுமே என்னைக் கேவலப்படுத்தணும் என்பதுதான், பிறகு தட்டு பறக்கும். அப்பா அந்தப் பேச்சைக் கேட்டுக் கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரிம்மா என்றார். இப்படி ஒரு சாதாரண வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள ஒரு மனுஷிக்கு இத்தனை வயதாக வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கற்றுக்கொடுக்க யாரும் இல்லாவிட்டால் ஆகத்தான் செய்யும்.

தினமும் இரவு டைரி கார்டு ஒன்றை நிரப்ப வேண்டும். இன்று எந்த உணர்ச்சி எவ்வளவு, காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா, எந்தப் பயிற்சியைப் பயன்படுத்தினேன், எண் போட்டால் போதும். ஏதாவது விபரீதம் நடந்திருந்தால் அடுத்த சந்திப்பில் அதைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். முந்தின இரவு தூங்கினாயா, காலையில் சாப்பிட்டாயா, யார் என்ன சொன்னார்கள், அப்போது மனதில் ஓடியது என்ன, அடுத்து என்ன செய்தாய், எந்தக் கண்ணியில் வேறு ஏதாவது செய்திருக்கலாம். திட்டுவது கிடையாது, அதே நேரம் தப்பிக்கவும் விடமாட்டார்கள். எனக்கு இதில் தெரிய வந்தது, பெரிய சண்டை என்று நான் நினைத்திருந்த பலவற்றுக்கும் ஆரம்பம் தூக்கமில்லாத இரவும் வெறும் வயிறும் என்பதே. நீட் கோச்சிங் ஹாஸ்டல்களில் பிள்ளைகளை நள்ளிரவு வரை உட்கார வைத்து விடியற்காலையில் எழுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இடையில் நெருக்கடி வந்தால் தெரபிஸ்டுக்குப் போன் செய்யலாம், ஆனால் காயப்படுத்திக்கொள்வதற்கு முன்னால் செய்ய வேண்டும். செய்துகொண்ட பிறகு என்றால், உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர, 24 மணி நேரத்துக்கு அந்த வசதி கிடையாது. கேட்கக் கல்நெஞ்சு போலத் தெரியும். ஆனால் உச்சத்துக்குப் போனால்தான் ஆள் வரும் என்று வருடக்கணக்கில் பழகின உடம்புக்கு, முன்னாலேயே கூப்பிட்டாலும் ஆள் வரும் என்று பழக்குவதற்கு வேறு வழி இல்லை. சிகிச்சை கொடுப்பவர்களும் வாரம் ஒரு முறை தங்களுக்குள் கூடி ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொள்வது இந்த முறையின் கட்டாயமான பகுதி. எங்களைப் போன்றவர்களோடு வேலை செய்வது எளிதில்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, அதற்கும் ஏற்பாடு செய்த ஒரே சிகிச்சை இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா என்று கேட்பது நியாயம். 2006இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 101 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டி.பி.டி.யும் மறு பாதிக்கு இந்தத் துறையில் கைதேர்ந்தவர்கள் என்று பெயர் வாங்கிய சிகிச்சையாளர்களின் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடச் சிகிச்சையும் அடுத்த ஒரு வருடமும் சேர்த்துப் பார்த்ததில், டி.பி.டி. பெற்றவர்களிடையே தற்கொலை முயற்சி ஏறக்குறைய பாதியாக இருந்தது. 2015இல் 99 பெண்களை வைத்து, இதில் எந்தப் பகுதிக்குப் பலம் அதிகம் என்று பிரித்துப் பார்த்தபோது, மேலே சொன்ன வாராந்திரத் திறன் வகுப்பு சேர்ந்திருந்த சிகிச்சைகளே அது இல்லாததைவிடக் கூடுதலாக உதவின. அந்த வகுப்பு குழுவாக நடப்பது, செலவு குறைவானது, நம் ஊருக்கு இதுதான் முக்கியம். 2018இல் 173 இளம் வயதினரை வைத்துச் செய்த ஆய்விலும் சிகிச்சைக் காலத்தில் தற்கொலை முயற்சியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் குறைந்தன. இளம் வயதினருக்கான வடிவத்தில் அப்பா அம்மாவும் வகுப்புக்கு வந்து அதே பாடத்தைப் படிக்க வேண்டும், பிள்ளை மட்டும் மாறினால் போதாது என்பதால். நம் வீடுகளுக்கு எழுதி வைத்தது போல இருக்கிறது இந்த ஏற்பாடு.

ஒன்றைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஏற்றுக்கொள் என்று இந்தப் பயிற்சி சொல்வதை, பொறுத்துக்கொண்டு போ என்று நம் ஆட்கள் பெண்களுக்குச் சொல்வதோடு குழப்பிவிடக் கூடாது. கணவன் அடிக்கிறான் என்றால் ஏற்றுக்கொள்ள வேண்டியது, அவன் அடிக்கிறான், இது உண்மையாகவே நடக்கிறது என்பதை. நாளைக்குத் திருந்திவிடுவான் என்று கண்ணை மூடிக்கொள்ளாமல் இருப்பதை. அதற்குப் பிறகுதான் எங்கே போவது, யாரிடம் சொல்வது என்று யோசிக்கவே முடியும். வகுப்பில் முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடிக்கிற வீட்டுக்கே திருப்பி அனுப்பினால் அது சிகிச்சை ஆகாது. அதேபோல சாதியைச் சொல்லி வகுப்பறையில் அவமானப்படுத்தப்படும் மாணவனிடம் உன் உணர்ச்சியைச் சரிசெய்துகொள் என்று மட்டும் சொல்வது அநியாயம். அவன் கோபம் நடந்ததற்குப் பொருந்துகிற கோபம். மருந்துக்கு மாற்றாகவும் இதை யாரும் நினைக்க வேண்டாம், மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் தானாக நிறுத்தக் கூடாது.

இப்போது நம் நிலைமை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். காரணம் என்று பதிவானவற்றில் முதலிடம் கடனுக்கும் இல்லை, தேர்வுக்கும் இல்லை, குடும்பப் பிரச்சினைக்கு. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதும் பேசாமல் இருந்ததும். மேலே நான் எழுதிய பயிற்சிகள் நேராகத் தொடுகிற இடம் அதுதான்.

நான் சிகிச்சை பெற்றது பெங்களூரில் உள்ள தெரபிஸ்டிடம், பெரும்பாலும் வீடியோ காலில். பாடத்தாள் முழுக்க ஆங்கிலம். எனக்கு வேலையும் சம்பளமும் இருந்ததால் கட்ட முடிந்தது. குழுவில் இருந்தவர்களும் என்னைப் போன்றவர்களே. அதற்கு முன் நான் போன ஒரு மருத்துவமனையில் என் கையில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, கவனம் ஈர்க்கச் செய்கிறாள் என்று அம்மாவிடம் என் முன்னாலேயே சொன்னார்கள். ஐந்து நிமிடம், ஒரு மாத்திரைச் சீட்டு. அந்த டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தால் ஐந்து நிமிடம் கிடைத்ததே பெரிது. ஆனால் அங்கேயே ஒரு ஹாலில் வாரம் ஒரு நாள் பத்துப் பேரை உட்கார வைத்துப் பாடம் நடத்த மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற உளவியலாளரோ, மனநல செவிலியரோ, சமூகப் பணியாளரோ நடத்தலாம். மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது, 1794இல் தொடங்கி இப்போது சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மனநலக் காப்பகம் இன்று பயிற்சி நிறுவனமாகவும் இருக்கிறது. ஆட்களை அங்கே பயிற்றுவித்து மாவட்டங்களுக்கு அனுப்பலாம். பாடத்தாளை நல்ல தமிழில், உண்மையான தமிழ்க் குடும்பத்து உதாரணங்களோடு எழுத வேண்டும், ஆங்கிலத்தை வரிக்கு வரி மாற்றிக்கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். முழு டி.பி.டி. எல்லோருக்கும் தேவையில்லை. திறன் வகுப்பை மட்டும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பாடவேளையாக வைக்கலாம். அதற்கு நேரமில்லை என்று சொல்லும் பள்ளிகள், எந்தப் பாடவேளையை இதைவிட அவசியம் என்று நினைக்கின்றன என்பதைப் பெற்றோரிடம் சொல்லட்டும்.

சட்டத்தைப் பற்றியும் உங்கள் கட்டுரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பழைய 309ஆம் பிரிவே கிடையாது. அரசு ஊழியரை அவருடைய கடமை விஷயத்தில் நிர்ப்பந்திப்பதற்காகச் செய்யும் முயற்சியை மட்டும்தான் குற்றமாக வைத்திருக்கிறார்கள். மனநலச் சிகிச்சைக்கும் உடல் நோய்களுக்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்பதும் 2017 சட்டத்திலேயே இருக்கிறது. என் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனையில் படுத்தால்தான் என்று சொல்லி வாரா வாரம் போன சிகிச்சைக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. இந்த மாதிரிச் சிகிச்சை முழுக்க வெளிநோயாளியாக நடப்பது, அதைச் சேர்க்காத காப்பீட்டால் எங்களுக்கு என்ன பயன் என்று யாராவது கேட்க வேண்டும். நாளிதழ் கேட்டால் பதில் வரும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. தற்கொலைச் செய்திகளில் எந்த முறையில் இறந்தார், கடிதத்தில் என்ன எழுதியிருந்தார் என்ற விவரங்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இந்தியப் பத்திரிகை கவுன்சிலே 2019இல் இதற்கு நெறிமுறை கொடுத்திருக்கிறது. இரண்டாவது, செய்தியின் அடியில் சின்ன எழுத்தில் உதவி எண்ணைப் போடுவதோடு நிறுத்தாமல், தேர்வு முடிவு வரும் நாட்களில் முதல் பக்கத்திலேயே அரைப் பத்தி இடம் கொடுங்கள். 14416 என்பது மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மாநில அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044 24640050. அதற்குப் பக்கத்திலேயே, கூப்பிட்டு லைன் கிடைக்கும் வரை என்ன செய்யலாம் என்பதையும் போடுங்கள்: மூச்சை நீளமாக விடுவது, வீட்டில் ஆள் இருக்கிற அறைக்கு வந்து உட்கார்வது, முடிவு எதுவானாலும் நாளைக் காலை வரை தள்ளிப்போடுவது. துணைத்தேர்வு எப்போது, விண்ணப்பம் எங்கே என்பதையும் அங்கேயே போட்டால் நல்லது.

பெற்றோருக்காக ஒரு தொடர் எழுத உங்களுக்கு ஆள் கிடைக்காவிட்டால், வகுப்பில் நான் எடுத்த குறிப்புகளைத் தமிழில் எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன், இந்தத் துறையில் உள்ள ஒருவர் சரிபார்த்த பிறகு வெளியிடலாம். என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், அலுவலகத்தில் இது இன்னும் தெரியாது. ஊரைப் போடுவதில் ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.